பனங்காட்டிலிருந்து பொதிகைக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர்களின் நடைக்குழு சார்பில் பேசியது. எழுதி வாசித்ததையும் இடையிடையே வாய்ப்பேச்சாகச் சொன்னதையும் சேர்த்தே தந்திருக்கிறோம்.)

எங்களைப் பற்றி ஊருக்குள்ளே ஒரு பேச்சு ஓடுகிறது என்று எங்களுக்கே தெரியும். "கிழவிகளுக்குக் கொழுப்பு கூடிப்போச்சி, மலை ஏறப் போறாளுவ" என்கிறார்கள். கொழுப்பு கூடினது உண்மைதான். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கு என்று டாக்டர் சொன்னதால்தான் நடக்கவே ஆரம்பித்தோம். அதனால் அந்தப் பேச்சுக்கு நாங்கள் கோபப்படவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் எங்கள் பக்கமும் தப்பு நடந்திருக்கிறது. அதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடணும் என்றுதான் வந்தோம்.

கொரோனா காலம் முடிந்து 2021 மார்கழியில் ஆறு பேராக ஆரம்பித்தோம். இன்றைக்குப் பதினான்கு பேர். எல்லோரும் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள். மூத்தவருக்கு எழுபத்தொன்று. பனைத் தொழில் வீட்டுக்காரர்கள், பீடி சுற்றினவர்கள், ஓய்வுபெற்ற சத்துணவு ஆயா, சர்ச்சில் கோரஸ் பாடுகிற ஒரு அக்கா, ரம்ஜான் நோன்பு முப்பதையும் விடாமல் பிடிக்கிற ஒரு சாச்சி எல்லோரும் உண்டு. எங்களில் பாதிப் பேருக்கு மலை என்றால் பஸ் ஜன்னல் வழியே பார்த்தது மட்டும்தான். உடன்குடியில் உயரமான இடம் எது என்று கேட்டால் தேரியைத்தான் காட்ட முடியும். அதுவும் காற்றடித்தால் இடம் மாறிவிடும்.

ஏறுகிற வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. நம்ம ஆட்கள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று நாள்தோறும் முப்பது நாற்பது பனை ஏறி இறங்கினவர்கள். கால்நாரும் இடுப்பில் அருவாப்பெட்டியுமாக எழுபது வயசு வரைக்கும் ஏறினவர்களை நாமே பார்த்திருக்கிறோம். "இந்த வயசுல எதுக்கு ஏறுதிய" என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பதநீர் காய்ச்சுகிற அடுப்பு முன்னாடி நாம் எத்தனை மணி நேரம் நின்றோம் என்றும் கேட்டதில்லை. வருமானத்துக்கு ஏறினால் கேள்வி வராது, ஆசைக்கு ஏறினால் மட்டும் வரும் போலிருக்கிறது.

முதலில் நாங்கள் போனது மலைக்கு அல்ல. குலசை கடற்கரை வரைக்கும் நடந்தோம். அப்புறம் குதிரைமொழித் தேரி. செம்மண் தேரியில் நடந்து பாருங்கள், பத்தடி வைத்தால் ரோட்டில் முப்பதடி வைத்த மாதிரி கெண்டைக்கால் பேசும். மலைக்குப் போகிறவர்கள் ஜிம்முக்குப் போய்க் காலைப் பலப்படுத்துவார்களாம். நமக்குக் கடவுள் வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறார். ஆறு மாசம் வாரம் மூன்று நாள் தேரியில் நடந்த பிறகுதான் பண்பொழி திருமலைக்கோயில் படி ஏறினோம். அறுநூறு படிக்கு மேல். இருபது படிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறினோம். இறங்கும்போதுதான் முழங்கால் வலித்தது. அதுவரைக்கும் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தோம். இறங்கும்போது உடம்புப் பாரம் முழுக்க முட்டில்தான் விழுகிறது. அன்றைக்கு முதல் ஆளுக்கொரு கம்பு. இறங்கும்போது கம்பு ரெண்டாவது கால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த மாசத்தில் எந்த மலை என்பதை ஒரு வருஷம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். நம்ம பக்கத்து மலைக்குப் பங்குனி, சித்திரை ஆகாது. காடு காய்ந்து கிடக்கும், தீப்பிடிக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அதில் பெண் பிள்ளைகள் நிறைய. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் மலையேற்றத்துக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகிற ஏற்பாடும் வந்தது. அதிலும் கோடைத் தீக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். நமக்கு அது நஷ்டமே இல்லை. பங்குனி தொடங்கினால் நமக்குப் பதநீர்க் காலம், யாருக்கு மலை ஏற நேரம்?

ஆடியில் காரையார். அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு நம்ம பக்கத்து ஆட்கள் வண்டி கட்டிப் போன காலம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம். சாரல் விழும், வெயில் தெரியாது. ஆனால் அட்டை. முதல் தடவை அட்டை கடித்ததும் எங்களில் ஒருவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மந்தியெல்லாம் ஓடிப்போனது. உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும். பிய்த்து எடுக்கக் கூடாது. பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள், எனவே எவர்சில்வர் பாத்திரம், மஞ்சப்பை.

அந்தக் காரையாறுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் அங்கே போய் நின்றபோதுதான் புரிந்தது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. அதில் மிஞ்சின தண்ணீர் சடையனேரிக் கால்வாய் வழியாக வந்தால்தான் நம்ம பக்கத்துக் குளம் நிறையும், கிணற்றில் உப்புக் குறையும். அந்தத் தண்ணீருக்காக எத்தனை மனு எழுதியிருக்கிறோம்! மனு எழுதின கையால் அந்தத் தண்ணீரை முதல்முறையாக அள்ளிக் குடித்தோம். சாச்சி மட்டும் "இனிக்குதுளா" என்று மூன்று தடவை சொன்னார்.

மேலே இஞ்சிக்குழி என்ற இடத்தில் நூறு வயசு தாண்டின ஒரு காணிக்கார மூதாட்டி தனியாக இருந்த செய்தி சில வருஷம் முன்னே பத்திரிகையில் வந்தது. அவருக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்க ஏற்பாடானதும், அதைக் கொடுக்கத் தபால்காரர் காட்டு வழியே மணிக்கணக்கில் நடந்து போனார் என்று எழுதியிருந்தார்கள். ஆயிரம் ரூபாய் கொடுக்க ஒரு மனிதர் யானைக்காட்டில் நடந்தார். உதவித்தொகை வாங்க பேங்க் வாசலில் நின்று காலைத் தேய்க்கிற நமக்கு அதைப் படிக்க ஆச்சரியமாக இருந்தது.

புரட்டாசியில் திருக்குறுங்குடி. சாத்தான்குளம், நாங்குநேரி, ஏர்வாடி வழியாகப் போனால் நமக்குக் கிட்ட இருக்கிற பெரிய மலை அதுதான். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயரம். நாங்கள் உச்சிக்குப் போகவில்லை, நடுவில் மலைநம்பி கோயில் வரைக்கும்தான். அந்த மலையடிவாரத்தில்தான் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள், நம்ம குலசையில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டார்கள். "எஞ்சின் மலையிலிருந்து நம்ம ஊருக்கு வருது, நாம ஊர்லேந்து மலைக்கு வாரோம்" என்று ஆயா அக்கா சொன்னதை நாங்கள் திருச்செந்தூர் வரைக்கும் சொல்லிச் சிரித்தோம்.

முதல் தப்பு நடந்தது அந்த மலையில்தான்.

எங்களில் ஒருவருக்குச் சுகர். மாத்திரை போடுகிறவர். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் பழக்கத்தில் போட்டுவிட்டார். எங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டிப் போகமாட்டோம் என்ற பயம். பாதி தூரத்தில் பேச்சு குழறியது. வேர்த்துக் கொட்டியது. கேட்டதற்குக் கோபமாகப் பதில் சொன்னார். அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. "என்னளா ஆச்சி, யாருட்ட சண்ட போடுத" என்று விளையாட்டாகத்தான் கேட்டோம். அடுத்த நிமிஷம் பாறையில் சாய்ந்துவிட்டார்.

எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. செல்போனில் டவர் இல்லை. பீடிக்கார அக்காவின் தங்கச்சிக்கு முன்பு இப்படி வந்து பார்த்திருக்கிறார். அவர்தான் "சுகர் இறங்கிட்டு, இனிப்பு குடுங்க" என்றார். அப்போது ஆச்சிக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மடியில் இருந்த கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து "விரதம் போச்சே" என்றார். அதற்கப்புறம் சோறு கொடுத்து, நடக்க விடாமல் மெதுவாகக் கைத்தாங்கலாக இறக்கிவந்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னார். நினைவு இருந்ததால் தப்பித்தோம். எங்கள் கெட்டிக்காரத்தனம் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவருடைய மகன் அன்றைக்கு ராத்திரி வந்து கேட்ட கேள்வி நியாயமானது. "எங்கம்மைக்கு ஏதாவது ஆகியிருந்தா நீங்க என்ன பதில் சொல்லியிருப்பிய?" எங்களிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. 2024 சீசனில் கோயம்புத்தூர் வெள்ளியங்கிரியில் ஏறின பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி வந்தும் இறந்து போன செய்தி வந்தது. மலை கோயிலாக இருந்தாலும் இருதயத்துக்கு அது மலைதான். மூன்று மாதம் நடையை நிறுத்தி வைத்தோம். அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எந்த நேரம், யாரைக் கூப்பிடணும் எல்லாம் அதில் இருக்கும். மறைக்கிறவரைத் தேரிக்குக்கூடக் கூட்டிப் போவதில்லை. விரத நாளில் மலை கிடையாது. சாச்சியும் நோன்பு மாதத்தில் தானாகவே ஒதுங்கிக்கொள்வார். அந்த ஆச்சி இன்னும் எங்களோடு நடக்கிறார், இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சொல்லுங்க, ஆனா விரதம் முறிஞ்சதச் சொல்லாதிய" என்றார். மன்னிக்கணும் ஆச்சி, சொல்லிவிட்டோம்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரம் நடைக்குழு நடந்தது மலைக்கு அல்ல, வெள்ளத்துக்குள் அகப்பட்ட வீடுகளுக்குச் சோற்றுப் பாத்திரம் தூக்கிக்கொண்டு. ரெண்டு வருஷம் தேரியில் நடந்த கால் இடுப்பளவு தண்ணீரில் நிற்க உதவியது.

நாங்கள் ஏதோ புதுசாகச் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். எவரெஸ்ட் ஏறின முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால். 1984 மே 23ஆம் தேதி உச்சியில் நின்றார். மலையடிவாரக் கிராமத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தன்னுடைய 67 வயதில், 2022 மார்ச்சில், ஐம்பது தாண்டின பெண்களையே சேர்த்துக்கொண்டு அருணாச்சலப் பிரதேசத்தின் மியான்மர் எல்லையில் கிளம்பினார். அஸ்ஸாம், வங்காளம், சிக்கிம், நேபாளம், உத்தரகாண்ட், இமாசலம் எல்லாம் தாண்டி லடாக் வரைக்கும் போனார்கள். ஏறக்குறைய நாலரை மாதம், ஐயாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. முப்பதுக்கும் மேற்பட்ட மலைக் கணவாய்கள். சிலது 5,000 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கிற காற்று கடற்கரையில் கிடைப்பதில் பாதி அளவுதான். அந்தக் குழுவில் பெங்களூரிலிருந்து 68 வயசில் ஒருவர், மைசூரிலிருந்து 64 வயசில் ஒருவர். நடுவழியில்தான் பச்சேந்திரி பாலுக்கு 68ஆவது பிறந்தநாள் வந்தது.

ஜப்பானில் ஜுன்கோ தாபெய் என்று ஒருவர். உலகத்திலேயே எவரெஸ்ட் ஏறின முதல் பெண், 1975 மே 16. அவர் கதை நம்ம தையல் குழுக்காரர்களுக்குப் பிடிக்கும். அவர்கள் பெண்கள் மட்டும் சேர்ந்த மலையேறும் சங்கம். பணம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "வீட்டில் பிள்ளையைப் பாருங்கள்" என்றார்களாம். அவர் பியானோ சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்தார். பழைய கார் சீட் உறையை வெட்டித் தண்ணீர் இறங்காத பையும் கையுறையும் தைத்துக்கொண்டார்கள். மலையில் பனிச்சரிவு அவர்கள் கூடாரத்தையே மூடியது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் உச்சியில் நின்றார். 2016இல் புற்றுநோயோடு இருந்தபோதும், பூகம்பத்தில் பாதிக்கப்பட்ட ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூஜி மலைக்குப் போனார். அந்த வருஷம் அக்டோபரில் 77 வயசில் காலமானார். அதே நாட்டுக்காரர் தமாயே வதனாபே 2012இல் 73 வயதில் எவரெஸ்ட் ஏறியிருக்கிறார்.

இதெல்லாம் கேட்டபின் எங்களுக்கும் ஒரு ஆசை வந்தது. பொதிகை. அகஸ்தியர்கூடம். 1,868 மீட்டர். நம்ம ஆறு பிறக்கிற மலை. ஆனால் நம்ம பக்கத்திலிருந்து வழி கிடையாது, புலிகள் காப்பகம். திருவனந்தபுரம் போய், விதுரை வழியாகப் போனக்காடு போய், அங்கே கேரள வனத்துறை அனுமதியோடு ஏறணும். தை, மாசியில் மட்டும்தான் விடுவார்கள். அங்கே முன்னே பெண்களை ஏற விடுவதில்லை. கோர்ட்டில் வழக்குப் போட்டு, 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் போகலாம் என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி முதலில் ஏறினார். அந்தக் காட்டில் வாழ்கிற காணி மக்கள் தங்கள் சாமி வழக்கத்துக்கு இது மாறானது என்று அடிவாரத்தில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் தடுக்கவில்லை. இதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ரெண்டு கருத்து உண்டு. அடுத்தவர் சாமி இருக்கிற இடம் என்று எங்களில் ஒருவர் கடைசிவரை வர மறுத்துவிட்டார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. 2022 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து வந்த 62 வயது அம்மா ஒருவர் சேலையோடு கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறின வீடியோவை எங்கள் வீட்டுப் பிள்ளைகளே காட்டினார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷம் குடும்பத்தைப் பார்த்தேன், இப்போதுதான் வெளியே வருகிறேன் என்று அவர் சொன்னதாகப் படித்தோம்.

ரெண்டாவது தப்பு இதில்தான். இது பணம் சம்பந்தப்பட்டது.

நடைக்குழுவுக்கு வாரம் ஐம்பது ரூபாய் தனியாகப் போட்டு வருகிறோம். இது குழுச் சேமிப்பு இல்லை, தனிப்பெட்டி, தனி நோட்டு. பொதிகை செலவுக்கு அது போதவில்லை. எங்களில் ஒருவர் தன்னுடைய குழுவில் மருத்துவச் செலவு என்று எழுதி 6,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். அது பயணத்துக்கு என்று எங்களில் ரெண்டு பேருக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தோம். அதே வாரத்தில் அந்தக் குழுவில் வேறொரு பெண் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டு, பணம் இல்லை என்று திரும்பிப் போனாள். அவள் வட்டிக்கு வெளியில் வாங்கினாள். இது தணிக்கையில் வெளியே வரவில்லை. அந்தப் பெண்ணே ஊக்குநரிடம் அழுதபோதுதான் வெளியே வந்தது. நடைக்குழுப் பெட்டியிலிருந்து 6,000 ரூபாயையும் உடனே திருப்பிக் கட்டினோம். அந்தப் பெண் வெளியில் கொடுத்த வட்டியையும் நாங்களே கொடுத்தோம். அந்த வருஷம் பொதிகை இல்லை. பொய்க் காரணம் எழுதி வாங்கின கடன் எதற்கு வாங்கினாலும் பொய்க் கடன்தான். சபை முன்னால் நடைக்குழு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது.

அடுத்த வருஷம், 2025இல், மறுபடி சேர்த்தோம். எட்டுப் பேர் போக நினைத்தோம். மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்திலேயே மூன்று பேருக்கு முடியாது என்றாகிவிட்டது. ஒருவருக்கு ரத்த அழுத்தம் 180. அவருக்கே அதுவரை தெரியாது. இன்றைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். மலைக்குப் போகாததால் வருத்தம் இருக்கிறது, மலைக்குப் போக நினைத்ததால் கண்டுபிடித்தோம் என்ற ஆறுதலும் இருக்கிறது. மீதி ஐந்து பேருக்கு இடம் பிடிக்க ஒரு பேரன் செல்போனோடு காத்திருந்தான். பதிவு திறந்தால் கொஞ்ச நேரத்தில் இடமெல்லாம் போய்விடும்.

போக இருபது கிலோமீட்டர் போல, வர இருபது. முதல் நாள் அதிருமலை முகாம் வரைக்கும். நாலைந்து ஆறு குறுக்கே வருகிறது. அப்புறம் புல்வெளி, வெயில். அதன் பிறகு வருகிற ஏற்றத்துக்கு ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று பேர். பேரைக் கேட்டதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அங்கேயும் தேரியா! கால் தூக்கினால் முட்டி நெஞ்சில் இடிக்கும், பேர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னே போன காலேஜ் பையன்கள் வேகமாகப் போய் வேகமாக உட்கார்ந்தார்கள். பேச்சு நிற்காத வேகத்தில் நட என்பது எங்கள் கணக்கு. பேச மூச்சில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்குப் பேச்சு நிற்கிற வழக்கமே இல்லாததால் அந்தக் கணக்கு ஒத்துவந்தது.

கூட வந்த வழிகாட்டி காணிக்காரர். அவரிடம் ஆரோக்கியப்பச்சை பற்றிக் கேட்டோம். 1987இல் இந்த மலைக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சுவாங்கி நின்றபோது, கூட வந்த காணி இளைஞர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுவிட்டு அலுப்பில்லாமல் நடந்தார்களாம். அந்தச் செடியிலிருந்து பாலோடு ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. கம்பெனி கொடுத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்து, 1997இல் அவர்களுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிவானது. நம்ம உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்திருக்கிறது. பெட்டியில் குறியீடு அச்சடிக்கிறவர்கள் கையில் எவ்வளவு, அடுப்பு முன்னே நிற்கிறவர் கையில் எவ்வளவு என்று இறங்கும்போது ரொம்ப நேரம் பேசினோம். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

ரெண்டாம் நாள் உச்சிக்கு. பொங்கலப்பாறை வரைக்கும் ஐந்து பேரும் போனோம். அதற்கு மேலே வழுக்குப் பாறை, கயிற்றைப் பிடித்து ஏறணும். எங்களில் ஒருவருடைய வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் முன்னால் பனையிலிருந்து விழுந்து போனவர். கயிற்றைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்றால் அதுக்கும் சம்மதிக்கவில்லை. வழிகாட்டிகளில் ஒருவர் அங்கேயே இருந்தார்.

நாலு பேர் ஏறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. மேகம் மூடியிருந்தது. ஒரு நிமிஷம் விலகினபோது கிழக்கே வெகு கீழே தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. காரையார் அணை என்றார் வழிகாட்டி. அதற்கு அந்தப் பக்கம் எங்கோ நம்ம ஊர். சடையனேரி தெரியுதா என்று ஒருத்தர் கேட்டார். தெரியவில்லை.

இறங்கிவந்தபோது அந்த அக்கா பாறையில் உட்கார்ந்து, வழிகாட்டிக்குக் கருப்பட்டி காய்ச்சுகிற பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு எவ்வளவு, பதம் எப்படிப் பார்ப்பது என்று. "மேல என்ன இருக்கு?" என்று கேட்டார். "காத்துதான்" என்றோம். "காத்து இங்கனயும் இருக்கு" என்றார். ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஒருநாள், அடுத்த தை மாசத்துக்கு என் பேரையும் எழுதிவையுங்க என்றார். எழுதியிருக்கிறோம்.

கூட்டமைப்பிடம் எங்கள் கோரிக்கை மூன்று. மாதாந்திரக் கூட்டத்தன்று ஐம்பது வயது தாண்டிய உறுப்பினர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வருவார்கள். பயணத்துக்கு உள்கடன் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதணும், அதில் முதல் கையெழுத்து எங்களுடையது. மூன்றாவது, காலை ஐந்தரை மணிக்குக் கூட்ட அறையின் சாவி எங்களிடம் இருக்கணும். இருட்டில் ரோட்டோரம் நின்றுகொண்டு கம்பும் பையும் பங்கு போட முடியவில்லை.

அடுத்த நடை வருகிற ஞாயிற்றுக்கிழமை, தேரிக்கு. வர நினைக்கிறவர்கள் மாத்திரைச் சீட்டை எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். புதுச் செருப்பு வேண்டாம், பழகின செருப்பே போதும், கொப்புளம் வராது. ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம். ஆறேகாலுக்கு வருகிறவர்கள் பின்னாலே வேகமாக வந்து பிடித்துக்கொள்ளலாம், நாங்கள் மெதுவாகத்தான் போவோம்.